கடலோர வீட்டுக்கு எந்தப் பூனை பொருந்தும்?

கேள்வி: எங்கள் வீடு தங்கச்சிமடத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முன்பக்கம் சிமெண்ட் ஷீட், உள்ளே இரண்டு அறை மட்டும் காங்கிரீட். கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வலை போட்டு வைத்திருக்கும் கொட்டகையில் எலித் தொல்லை தாங்கவில்லை. 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பூனை வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சென்னையில் இருக்கும் என் தம்பி பெர்ஷியன் குட்டி ஒன்று தருகிறேன் என்கிறான். பிள்ளைகளோ மீன் இறக்கும் கரையில் திரிகிற ஒரு வெள்ளைக் குட்டியைத்தான் கேட்கிறார்கள். மாமியாருக்கு வீசிங் உண்டு. எதை எடுக்கலாம்? ஆணா, பெண்ணா?

பதில்: மாமியாரின் வீசிங்கை நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பூனை முடிதான் இழுப்பைக் கிளப்பும் என்று பலரும் நினைக்கிறார்கள். காரணம் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருக்கும் ஒரு புரதம். பூனை நாள் முழுக்க உடம்பை நக்குகிறது, அந்தப் புரதம் முடியில் ஒட்டிக் காய்கிறது, பிறகு கண்ணுக்குத் தெரியாத துகளாக வீடு முழுக்கப் பரவுகிறது. ஆகவே முடி குறைந்த பூனை என்றால் இழுப்பு வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வாமையே தராத இனம் என்று ஒன்று கிடையாது.

குட்டியைத் தேடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பூனை வளர்க்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு மாமியாரைக் கூட்டிப்போய் ஒரு மணி நேரமாவது உட்கார வையுங்கள். ஒரு தடவை போதாது, சில நாள் இடைவெளியில் மூன்று நான்கு தடவை. அன்று இரவும் மறுநாளும் தும்மல், கண் அரிப்பு, நெஞ்சு இறுக்கம் வருகிறதா என்று பாருங்கள். அவரைப் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இழுப்பு வந்தால் பூனை வேண்டாம். கொட்டகையில் தனியே வளர்க்கலாமே என்று தோன்றும். பிள்ளைகள் அதைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு அதே சட்டையோடு அப்பத்தா மடியில் வந்து உட்காருவார்கள் இல்லையா? வீட்டுக்கு வந்த பூனையைப் பிறகு வெளியே விடுவது அதற்கும் கொடுமை, பிள்ளைகளுக்கும் கொடுமை.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

தம்பியின் பெர்ஷியன் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம். உடம்பை நக்கி ஈரமாக்கிச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சூடு எல்லை மீறினால் வாயைத் திறந்து மூச்சிரைக்கும். தட்டை முகப் பெர்ஷியனுக்கு மூக்குத் துவாரம் குறுகல், மூச்சுப் பாதையும் நெருக்கடி. அதன் மேல் அடர்த்தியான இரட்டை முடி. சித்திரை வெயிலில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே, மின்சாரமும் போய்விட்ட ஒரு மத்தியானத்தை நினைத்துப் பாருங்கள். எந்தப் பூனையாக இருந்தாலும், ஓடியாடாமல் சும்மா கிடக்கும்போது வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அது அவசரம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வெயில் போய் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் வேறு தொல்லை. கடல் காற்றின் ஈரத்தில் நீண்ட முடி எளிதில் காயாது. தினமும் சீவாவிட்டால் சிக்குப் பிடித்துத் தோலோடு இறுகிக்கொள்ளும். படர்தாமரைக் காளான் பெர்ஷியன்களில் அதிகம் பார்ப்பது, அது பிள்ளைகளுக்கும் தொற்றும். தட்டை முகத்தில் கண்ணீர் வடியும் குழாய் மடங்கியிருப்பதால் கண்ணோரம் எப்போதும் நனைந்து பழுப்பாகக் கறை கட்டும். அதைத் தினமும் துடைக்க வேண்டும். மணலும் உப்புக் காற்றும் அடிக்கிற ஊரில் அது இன்னும் பாடு. இது போக, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் ஒன்று இந்த இனத்தில் உண்டு. தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்பு. தம்பியிடம் பெற்றோர்ப் பூனைகளுக்கு மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள், அவருக்கும் அது பயன்படும்.

வெள்ளைக் குட்டிக்கு வருவோம். முதலில் கண்ணைப் பாருங்கள். வெள்ளை முடியோடு இரண்டு கண்ணும் நீலமாக இருந்தால் பெரும்பாலும் காது கேட்காது. ஆனால் சின்னக் குட்டிகள் எல்லாவற்றுக்குமே நீலக் கண்தான். ஆறேழு வாரத்துக்குப் பிறகே உண்மையான நிறம் தெரியும். காதைச் சோதிக்க, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கையைத் தட்டினால் காற்று மேலே பட்டுத் திரும்பிவிடும், தரையை உதைத்தால் அதிர்வு தெரிந்துவிடும், சாவிதான் சரி. காது கேட்காத பூனை நல்ல பூனைதான், ஆனால் அதைக் கதவுக்குள்ளேயே வளர்க்க வேண்டும். ஆட்டோ, வேன், தெருநாய் எதுவும் அதற்குத் தெரியாது.

இன்னொன்று இந்தக் கரைக்கே உரிய கவலை. வெள்ளைப் பூனையின் காது நுனியிலும் மூக்கிலும் முடி குறைவு, நிறமியும் இல்லை. வருடக்கணக்கில் வெயில் பட்டால் அங்கே புற்றுநோய் வரக்கூடும். காது ஓரம் சிவந்து, பொருக்குத் தட்டி, ஆறாத புண்ணாகத்தான் தொடங்கும். சண்டைக் காயம் என்று விட்டுவிடுவார்கள். மணலும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி அடிக்கிற இடத்தில், மத்தியானம் வெளியே திரியப்போகிற பூனை வெள்ளையாக இல்லாமல் இருப்பதே நல்லது. பிள்ளைகள் அந்தக் குட்டியைத்தான் என்று நின்றால், காது கேட்கிறதா என்று பார்த்து, பகல் நேரத்தில் உள்ளே வைத்துக்கொள்ள முடியுமானால் எடுங்கள்.

என் முதல் தேர்வு நம் நாட்டுப் பூனை. குட்டை முடி, நீண்ட முகம், சாம்பல் வரியோ கறுப்போ மூவண்ணமோ. ஆசைக்கு வேறு இனம்தான் வேண்டும் என்றால் சயாமீஸ் இந்த வெக்கையைத் தாங்கும், தாய்லாந்துப் பூனை அது. ஆனால் ஓயாமல் கத்தும், ஆளை விடாது. கடலுக்குப் புறப்படும் முன் பகலில் தூங்குகிறவர் இருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

நிறத்தை விடத் தாயைப் பாருங்கள். எலி பிடிப்பதைக் குட்டி பெரும்பாலும் தாயிடமிருந்துதான் கற்கிறது. எலி பிடிக்கிற தாயின் குட்டியாகக் கேட்டு வாங்குங்கள். பட்டினி போட்டால்தான் பிடிக்கும் என்பது தவறு, வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அதே சமயம் பெருச்சாளியிடம் பல பூனைகள் நெருங்காது. ஆகவே வலையைத் தரையில் குவிக்காமல் உயரத்தில் தொங்கவிடுவதை நிறுத்த வேண்டாம். எலி மருந்து வைத்திருந்தால் குட்டி வருவதற்கு முன்பே மொத்தமாக எடுத்துவிடுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் செத்துப்போகும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதர் கை பட்டு வளர்ந்ததா என்று விசாரியுங்கள். அந்தக் காலத்தில் ஆளையே பார்க்காத குட்டி பிற்பாடு பழகுவது சிரமம். பார்க்கப் போனால் நின்றபடி தூக்காமல் தரையில் உட்கார்ந்து கையை நீட்டி வையுங்கள். கொஞ்சம் தயங்கி, பிறகு வந்து விரலை முகர்ந்து பார்க்கிற குட்டிதான் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது. மூலையில் பதுங்கிச் சீறுவதை இரக்கப்பட்டு எடுக்க வேண்டாம், 5 வயதுப் பிள்ளையை அது பிறாண்டும். அப்புறம் கையில் எடுத்து ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக இருந்தால் காதுப் பூச்சி. மருந்துக்குத் தீரும், அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. மூக்கொழுகலும் பீளை கட்டிய கண்ணும் பேதியும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆணா, பெண்ணா? உங்கள் வீட்டுக்குப் பெட்டை. கருத்தடை செய்யாத கடுவனிடம் அந்த ஒவ்வாமைப் புரதம் அதிகம். மாமியார் இருக்கும் வீட்டில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கடுவன் ஊர் சுற்றும், சண்டை போட்டுச் சீழ்ப் புண்ணோடு வரும், வலை மேலேயே மூத்திரம் பீய்ச்சும். கடுவன்தான் கிடைத்தது என்றால் கருத்தடை செய்துவிட்டால் இவை பெரும்பாலும் அடங்கும். பெட்டைக்கும் நான்கு மாதம் ஆனதுமே கருத்தடை செய்தே ஆக வேண்டும். விட்டால் நான்கைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, மீன் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். கவனம் தேவைப்படுவது அங்கேதான். சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினை அழிக்கும் நொதி ஒன்று உண்டு; தொடர்ந்து தின்றால் பூனை தள்ளாடும், வலிப்பு வரும். எந்த மீன் என்று ஆராய வேண்டாம், எதையும் உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு. வலையில் வரும் பேத்தை மீனை (பந்து போல ஊதிக்கொள்ளுமே, அது) கரையில் வீசாமல் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள். அதன் ஈரலும் முட்டையும் கொடிய விஷம், வேகவைத்தாலும் போகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். 61 நாள் கரையில் மீன் குறைந்து விலை ஏறும். மீனைத் தவிர வேறெதையும் அறியாத பூனை அப்போது பட்டினி கிடக்கும். கொழுத்த பூனை தொடர்ந்து சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரல் கெட்டு உயிருக்கு ஆபத்து. குட்டியிலேயே கோழி இறைச்சி, கோழி ஈரல் கொஞ்சம், அவித்த முட்டை, கடையில் விற்கும் பூனைத் தீவனம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்குங்கள். வெறும் பால் சோறு வளர்க்காது. பூனைக்கு இறைச்சிச் சத்து கட்டாயம்.

தண்ணீர் விஷயத்தில், நீங்கள் குடிப்பதற்கு வைத்திருக்கும் நல்ல தண்ணீரையே அதற்கும் வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கல்லும் அடைப்பும் வரும். கடுவன் சிறுநீர் கழிக்க உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

குட்டியை எடுக்கும் முன் கால்நடை மருந்தகத்தில் பூனைத் தடுப்பூசி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பல இடங்களில் ஆடு மாட்டுக்குத்தான் கைவசம் இருக்கும், வரவழைக்க நாளாகும். எட்டாவது வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாவது வாரம் வரை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. குடற்புழு மருந்தும் அவர்களே தருவார்கள். வீட்டில் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக ஊற்றும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படித்தான்.

குட்டி வந்ததும் முதல் வாரம் ஒரே அறையில், காங்கிரீட் கூரைக்குக் கீழே வையுங்கள். ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடு. தட்டை நீங்களே தினமும் சுத்தம் செய்யுங்கள், மாமியாரிடம் விட வேண்டாம். அவர் படுக்கிற அறைக்குள் மட்டும் பூனை எப்போதும் போகக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.