சால்னாவுக்கு எத்தனை கலோரி?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கடையில் சாப்பிட்டுக்கொண்டே கலோரி கணக்குப் பார்ப்பது எப்படி? எல்லாமே காரைக்குடி வட்டாரத்துக் கடிதங்கள் என்பதால் பதில்களிலும் நம்ம ஊர்க் கடைகள்தான்.

கேள்வி: அக்கா, நான் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். கடை அடைத்துக் கணக்கு முடிக்க ராத்திரி பத்து ஆகிவிடுகிறது. அந்நேரத்துக்குத் திறந்திருப்பது புரோட்டாக் கடைகள்தான். எடை குறைக்கலாம் என்று போனில் கலோரி ஆப் போட்டேன். அதில் ‘புரோட்டா’ என்று தேடினால் ஒரு இடத்தில் 130 என்கிறது, இன்னொரு இடத்தில் 320 என்கிறது. எதைப் போடுவது? இல்லை, புரோட்டாவையே விட்டுவிட வேண்டியதுதானா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம் தம்பி, அதுதான் சிக்கல். சின்னக் காயின் புரோட்டாவும் புரோட்டாதான், தட்டையே மறைக்கிற புரோட்டாவும் புரோட்டாதான். உங்கள் கடை மாஸ்டர் எவ்வளவு பெரிய உருண்டை பிடிக்கிறார் என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்? நாமே கூட்டிப் பார்த்துவிடுவோம். 100 கிராம் மைதாவுக்கு ஏறக்குறைய 350 கலோரி. நடுத்தர உருண்டையில் 60 கிராம் மைதா என்று வைத்துக்கொண்டால் 210. அப்புறம் எண்ணெய். எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. உருண்டையை எண்ணெயில் ஊறப்போடுவது, வீசும்போது தடவுவது, கல்லில் விடுவது என்று எல்லாம் சேர்த்து 10 கிராம்தான் உள்ளே போனது என்று தாராள மனசோடு வைத்தாலும் 90. ஆக ஒரு புரோட்டா 300. மூன்று தின்றால் 900, சால்னா இன்னும் ஊற்றவே இல்லை.

ஒருநாள் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். புரோட்டாவைக் கல்லில் போட்டதும் ஓரத்தில் சுற்றிவர எண்ணெய் விடுவார், அது சலசலவென்று நுரைத்து அடியில் இறங்கிக் காணாமல் போகும், திருப்பிப் போட்டு மறுபடி ஒரு சுற்று. வெந்ததை நாலைந்தாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கத்தில் தட்டும்போது அடுக்கு பிரிகிறதே, அது அழகாகப் பிரிவதே உள்ளே மடிப்புக்கு மடிப்பு எண்ணெய் இருப்பதால்தான். கொத்து புரோட்டா என்றால் கேட்கவே வேண்டாம். பிய்த்துப் போட்ட புரோட்டா, முட்டை, வெங்காயம், ஒரு கரண்டி சால்னா, மேலே மறுபடி எண்ணெய். அந்தத் தாளத்துக்கு நடுவில் எண்ணெய் டப்பா எத்தனை தடவை சாய்கிறது என்று மட்டும் எண்ணுங்கள், ஆப்பில் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. இரண்டு புரோட்டா போட்ட கொத்து 700-ஐச் சர்வ சாதாரணமாகத் தாண்டும்.

சால்னாவுக்கு என்ன எண் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கணக்கு இடிப்பது அங்கேதான் என்று நினைக்கிறேன். தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்டது, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கிறது, அதுவும் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். “மேல இருக்கிற எண்ணெயை ஒதுக்கிட்டு ஊத்துங்கண்ணே” என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மாதிரிதான் பார்ப்பார். இரண்டு நாளில் பழகிவிடும், மூன்றாம் நாள் நீங்கள் கேட்காமலே ஒதுக்குவார்.

விட்டுவிட வேண்டாம். வாரத்தில் ஒரு ராத்திரி இரண்டு புரோட்டா, ஒரு ஆம்லெட், சால்னா ஒரு கரண்டியோடு சரி. மற்ற ராத்திரிகளில் அதே கடையில் இட்லி மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடை இட்லி ஒன்று 65, 70 வரும், நான்கு இட்லியே 280-க்குள் முடிந்துவிடும். கூட அவித்த முட்டை இரண்டு என்றால் இன்னொரு 150, அதில் 12 கிராம் புரதமும் கிடைக்கும், பசி அடங்கும். இட்லி தீர்ந்துவிட்டால் கல்தோசை. நாட்டுக்கோழிக் குழம்பு வாங்கினால் துண்டுகளை எடுத்துக்கொண்டு குழம்பைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துங்கள். குழம்பு இல்லாத வறுவலும் சுக்காவும் லேசு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தப்பு. அந்தக் கறி சுருண்டு பளபளவென்று வருவதே எண்ணெயில் கிடந்து வதங்கித்தான்.

ஆப்பில் உங்கள் கடைப் புரோட்டாவை 300 என்று நீங்களே ஒருமுறை பதிந்துகொண்டு எப்போதும் அதையே போடுங்கள். முன்னப் பின்ன 20, 30 இருந்தால் குடி முழுகிப் போகாது. நாளுக்கு ஒரு எண் போட்டால்தான் கணக்கு கெடும்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். சனிக்கிழமையானால் எல்லோரும் பர்கர் கடைக்குப் போவோம். நான் டயட்டில் இருக்கிறேன் என்பதற்காக மற்றவர்கள் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. வெஜ் பர்கர் எடுத்தால் பரவாயில்லையா? ஷவர்மா அதைவிட நல்லதா?
– காரைக்குடி வாசகி

பதில்: வேடிக்கை பார்க்க வேண்டாம், சாப்பிடுங்கள். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, புரோட்டாக் கடையில் சாப்பிடுகிற தேவகோட்டைத் தம்பிக்கு அது இல்லை. பத்தோ அதற்கு மேலோ கிளைகள் வைத்திருக்கிற உணவகங்கள் மெனுவிலேயே ஒவ்வொரு அயிட்டத்துக்கும் கலோரி எவ்வளவு என்று போட வேண்டும், 2022 ஜூலை 1 முதல் இது கட்டாயம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ‘கிலோ கலோரி’ என்று போட்டிருந்தால் பயந்துவிடாதீர்கள், நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது அதைத்தான். விலையைப் பார்க்கும்போதே அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

வெஜ் என்பதால் குறைவு என்று இல்லை. உள்ளே இருப்பது எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு வடை மாதிரி ஒன்று, அதற்கு மேல் ஒரு சாஸ். சின்ன பர்கர் ஒன்று 350 பக்கம் வரும், அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மோசமில்லாத எண்தான். கெடுப்பது காம்போ. இன்னும் கொஞ்ச ரூபாய் போட்டால் பிரெஞ்சு ஃப்ரைஸும் கோலாவும் சேர்த்துத் தருகிறோம் என்று கவுண்டரில் கேட்பார்கள், நமக்கும் லாபமாகத்தான் தெரியும். நடுத்தர ஃப்ரைஸ் 320, 300 மில்லி கோலா 130, மொத்தம் 800. அதில் பர்கரின் பங்கு பாதிகூட இல்லை. பர்கர் மட்டும் வாங்கிக்கொண்டு தண்ணீர் பாட்டிலோடு உட்காருங்கள், பக்கத்துத் தோழியின் ஃப்ரைஸில் நாலு எடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. சீஸ் வேண்டாம், மயோனைஸ் வேண்டாம் என்று ஆர்டர் போடும்போதே சொல்லிவிடுங்கள், போட்ட பிறகு வழித்தெடுக்க முடியாது.

ஷவர்மா விஷயமும் மயோனைஸில்தான் வந்து நிற்கிறது. சுழல்கிற கம்பியில் வாட்டிய கோழி நல்ல சாமான்தான். அதன் மேல் பிழிகிற அந்த வெள்ளை, ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 100 கலோரி, ஷவர்மாவில் ஒரு ஸ்பூனோடு யார் நிறுத்துகிறார்கள்? பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது கிருமித் தொற்றுக்காக, கொழுப்புக்காக இல்லை. முட்டையில்லாத மயோனைஸும் பெரும்பாலும் எண்ணெய்தான். என்னைக் கேட்டால், நாலைந்து பேராகப் போகும்போது முழு கிரில் சிக்கன் ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வது இரண்டையும்விட நல்லது. தோலை உரித்துவிட்டுச் சாப்பிட்டால் 100 கிராம் நெஞ்சுக்கறிக்கு 165 கலோரி, 30 கிராம் புரதம். மயோனைஸ் கிண்ணத்தை எதிர்ப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு எலுமிச்சையும் வெங்காயமும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டயட் கோலா குடிக்கலாமா?
– கோட்டையூர் வாசகர்

பதில்: கலோரிக் கணக்குக்கு அது பூஜ்யம்தான், சாதாரண கோலாவுக்குப் பதிலாக என்றால் குடியுங்கள். அதைக் குடித்த தைரியத்தில் இன்னொரு பிளேட் சிக்கன் 65 சொல்லாமல் இருந்தால் சரி. உப்புப் போட்ட எலுமிச்சை சோடா எனக்கு அதைவிடப் பிடிக்கும், விலையும் குறைவு.

கேள்வி: எனக்கு 52 வயது. நான் வெளியில் வாங்கித் தின்பதே இல்லை. சாயங்காலப் பலகாரம் எல்லாம் வீட்டில் செய்ததுதான், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், வீட்டில் காய்ச்சிய நெய். கடைப் பொருள் தின்கிறவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்பேன். ஆனாலும் எடை ஏறிக்கொண்டே போகிறது. மகள் கலோரி எழுதச் சொல்லி உயிரை வாங்குகிறாள்.
– பள்ளத்தூர் வாசகி

பதில்: ஆச்சி, மகள் பக்கம்தான் நான். கடைகளில் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதுண்டு, உங்கள் எண்ணெய் சுத்தம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் செக்கு எண்ணெய்க்கும் கிராமுக்கு அதே 9 கலோரிதான். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் என்பது 8,000 கலோரிக்கு மேல். 2024-ல் வந்த தேசிய உணவு வழிகாட்டுதலில், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று வகுத்திருக்கிறார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். புது எண்ணெய் டின்னைத் திறக்கிற அன்று அதன் மேலேயே தேதியை எழுதிவையுங்கள், எப்போது தீர்கிறது என்று பாருங்கள். வேறு எதையும் எழுத வேண்டாம், மகளிடமும் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

பலகாரத்தை நிறுத்தச் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. எது எண்ணெயில் முங்கி வருகிறது, எது தொட்டுக்கொண்டு வருகிறது என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பணியாரம் சட்டியில் முங்கி எழுந்து வருவது. குழிப் பணியாரத்துக்குக் குழிக்கு அரை டீஸ்பூன், அதாவது 20 கலோரி எண்ணெய். பழகிய கல்லாக இருந்தால் அதையும் சொட்டுக் கணக்கில் குறைக்கலாம். சீயம், மசாலா சீயம், கல்கண்டு வடை எல்லாம் முங்குகிற சாதி. இடியாப்பமும் கத்தரிக்காய் கோசமல்லியும் ஆவியில் வெந்தது, தண்ணீரில் வெந்தது, நம்ம ஊர்ப் பலகாரத்தில் டயட்டுக்கு அதைவிடத் தோதானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. தாளிக்கிற எண்ணெயை மட்டும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுனி அரிசியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கறுப்பு நிறத்துக்கும் தவிட்டு நாருக்கும் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் அதை வெறும் சோறாகவா சாப்பிடுகிறோம்? 50 கிராம் அரிசிக்கு 175, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரைக்கு 100, தேங்காய்ப் பூவுக்கு 70, டீஸ்பூன் நெய்க்கு 45, ஒரு கிண்ணம் 390 ஆகிவிடுகிறது. விசேஷ வீட்டு இலையில் இரண்டு கரண்டி வாங்கி ரசித்துச் சாப்பிடுங்கள், வீட்டிலும் மாதம் நாலு தடவை செய்தால் எடை ஏறத்தான் செய்யும்.

இன்னொன்று, தேன்குழலும் மணகோலமும் போட்ட டப்பாவை நின்றுகொண்டே திறந்து ஒரு கை அள்ளுவது பலகாரக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. பொரித்த மாவுப் பண்டம் 100 கிராம் 500 கலோரி பக்கம். தட்டில் எடுத்துப் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: வயது 24. வீடியோ பார்த்து ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்று வைத்துக்கொண்டேன். மதியம் வரை நன்றாகப் போகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தலை சுற்றி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் பஜ்ஜிக் கடையில் போய் நிற்கிறேன். மன உறுதி வர என்ன செய்வது?
– புதுவயல் வாசகர்

பதில்: மன உறுதிக்கு என்ன குறை, ஆறு மணி வரை தாக்குப்பிடித்திருக்கிறீர்களே. 24 வயது ஆண், நடமாடி வேலை பார்க்கிறவர், 1,200 போதாது. மெனுக்களில் பொதுக் கணக்காகப் போடுவதே 2,000, உங்கள் உயரத்துக்கும் வேலைக்கும் அது கூடவும் ஆகலாம். தேவையிலிருந்து 400, 500 குறைத்தால் எடை மெதுவாக இறங்கும், அதுக்கு மேல் குறைத்தால் பஜ்ஜிக் கடைக்காரருக்குத்தான் லாபம். தலைசுற்றல் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம்.

காலை, மதியச் சாப்பாட்டில் வேளைக்கு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ கூட்டுங்கள். ஐந்தரைக்கே, அதாவது பசி ஏறுவதற்கு முன்னாலேயே, சுண்டல் வண்டியில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். அவித்த கொண்டைக்கடலை 100 கிராமுக்கு 165 கலோரி, 9 கிராம் புரதம். மாங்காயும் பச்சை மிளகாயும் தூவித் தருவார், தேங்காயைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். வறுத்த வேர்க்கடலையும் நல்லதுதான், ஆனால் 100 கிராம் 570 பக்கம் போகும், ஒரு கைப்பிடியோடு சரி. சனிக்கிழமை வேண்டுமானால் வாழைக்காய் பஜ்ஜி இரண்டு, பேப்பரில் நன்றாக ஒற்றி எடுத்து, சட்னி ஒரு கரண்டி.