மகள் மண் விஞ்ஞானம் படிக்கலாமா?

வணக்கம் அம்மா. மகளுக்கு இரசாயனவியல் பிடித்திருக்கிறது, ஆனால் விவசாய பீடத்துக்குப் போனால் திரும்பவும் தேயிலைத் தோட்டத்துக்குத்தானே வருவாள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. அந்தப் படிப்பில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பயிருக்கு வேண்டிய சத்தான பொசுபரசை எடுத்துக்கொள்வோம். தேயிலை மலைகளின் செம்மஞ்சள் பொட்சொலிக் மண் அமில மண். போட்ட பொசுபேற்றை அங்கே இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் கல்சியம் பிடிக்கும். மேல்மண்ணில் இன்னொரு பங்கு சேதனப் பொருளுக்குள் பைற்றேற்று என்ற பொசுபரசுச் சேர்வையாகக் கிடக்கும். நொதியங்கள் அதை உடைத்தால்தான் வேருக்குச் சேரும். எப்பாவலையில் தோண்டியெடுக்கும் பாறைப் பொசுபேற்று உரம் அமில மண்ணில் மெதுவாகக் கரைவதால் தேயிலைக்குச் சரி, சில மாதங்களில் பிடுங்கும் கரட்டுக்குப் போதாது. நுவரெலியா மரக்கறித் தோட்டங்கள் பலவற்றிலோ வருடக்கணக்காகப் போட்ட உரமும் கோழி எருவும் சேர்ந்து, பொசுபரசு தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிறது. எங்கே போடுவது, எங்கே நிறுத்துவது என்று மண்ணைச் சோதித்துச் சொல்பவர்தான் மண் விஞ்ஞானி.

வேலையின் நுணுக்கம் இப்படி இருக்கும். மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் பொசுபரசை அளக்கும் ஒல்சன் முறையில் 0.5 மோலர் சோடியம் இருகாபனேற்றுக் கரைசலை, பீஎச் 8.5 இல் வைத்து, மண்ணோடு அரைமணி நேரம் குலுக்குவார்கள். சேதனப் பொருள் மிகுந்த மலை மண் என்றால் வடிதிரவம் தேநீர் நிறத்தில் வரும். அந்தக் கபில நிறம் பொசுபரசின் அளவைக் காட்டக் கடைசியில் உண்டாக்கி அளக்கும் நீல நிறத்தோடு கலந்து அளவைக் கூட்டிக் காட்டும். கரித்தூள் சேர்த்து நிறத்தை நீக்கலாம். கரியிலேயே பொசுபரசு இருந்தால் அந்த முடிவும் பிழை. இத்தகைய பிழையைத் தேடிப் பிடிப்பதில் மகளுக்கு ஆர்வம் வந்தால் துறை அவளுக்குப் பொருந்தும். பாடம் மனனம் செய்யும் பழக்கம் மட்டும் இருந்தால் சிரமப்படுவாள்.

பேராதனைப் பல்கலைக்கழகம், கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம், வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் இருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால், மாவட்ட ஒதுக்கீட்டோடு, அந்தப் பட்டியலுக்கான 5 வீத ஒதுக்கீட்டிலும் இடம் கிடைக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாவிட்டால் குண்டசாலை விவசாயக் கல்லூரியின் டிப்ளோமாவைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

பெரிய தடை ஆங்கிலம். விரிவுரை, ஆய்வுகூட அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில். உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களை அதற்கே கொடுங்கள். இறுதி ஆண்டு ஆய்வை மண் இரசாயனத்தில் எடுக்கச் சொல்லுங்கள். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையமோ உரக் கம்பனியோ, நேர்முகத்தில் முதலில் பார்ப்பது கருவிகளோடு பழகிய கையைத்தான்.