18 ட்யூக், ஆனா 18 தலைமுறை இல்ல

வணக்கம் சார்,

2023ல மூன்றாம் சார்லஸ் முடிசூட்டு விழா பத்தி எழுதினப்போ, மொத்த ஏற்பாடும் நார்ஃபோக் ட்யூக்ங்கற பெரிய பிரபுவோட பொறுப்பு, ஏர்ல் மார்ஷல்ங்கற அந்த வேலை அவங்க குடும்பத்துக்குப் பரம்பரையா வர்றதுன்னு ஒரு வரில சொல்லிட்டுப் போயிட்டீங்க. நான் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். 1483ல ஆரம்பிச்சு இப்ப 18வது ட்யூக்னு போட்டிருக்கு. 540 வருஷமா அப்பா, புள்ள, பேரன்னு அறுந்து போகாம எப்படி சார் வரும்? நம்ம ஊர்ல மூணு தலைமுறை தாண்டினா சொத்தே மிஞ்சறதில்ல. நார்ஃபோக் ட்யூக்னு பேரை வெச்சுக்கிட்டு சசெக்ஸ்ல ஏன் குடியிருக்காங்க? 16வது ட்யூக்குக்கு நாலும் பொண்ணுங்கதானாமே, அப்புறம் 17வது எங்கேருந்து வந்தார்?

கோவையிலிருந்து ஒரு வாசகர்

வணக்கம்.

அறுந்து போகாம வந்துச்சுன்னு யார் சொன்னது? மூணு தடவை அறுந்திருக்கு. 1, 2, 3ன்னு வரிசையா நம்பர் போடறதால நமக்கு அப்படித் தோணுது, அவ்வளவுதான். நாலாவது ட்யூக் தலைய 1572ல வெட்டினாங்க, அஞ்சாவது ட்யூக் வந்தது 1660ல. நடுவுல 88 வருஷம் அந்தப் பட்டத்துல ஆளே இல்ல, ஆனா லிஸ்ட்ல பார்த்தா நாலுக்கு அடுத்தது அஞ்சு.

ஆரம்பமே கொஞ்சம் ஒரு மாதிரிதான். நார்ஃபோக் ட்யூக் பட்டம் முதல்ல மோப்ரேன்னு வேற ஒரு குடும்பத்துக்கிட்ட இருந்தது, அதுல கடைசியா மிஞ்சினது ஆன் மோப்ரேன்னு ஒரு சின்னப் பொண்ணு. நாலாம் எட்வர்ட் ராஜா சொத்தையும் பட்டத்தையும் தன் வீட்டுக்குள்ள கொண்டு வந்துடணும்னு தன்னோட ரெண்டாவது பையனுக்கு அந்தக் குழந்தையக் கட்டி வெச்சார், மாப்பிள்ளைக்கு நாலு வயசு, பொண்ணுக்கு அஞ்சு. அவ 1481ல செத்துப்போனா, அந்தப் பையன்தான் டவர் ஆஃப் லண்டன் கோட்டைல காணாம போன ரெண்டு ராஜகுமாரங்கள்ல சின்னவன். அவன் டவருக்குள்ள போன அதே மாசம், 1483 ஜூன்ல, புதுசா ராஜாவான மூன்றாம் ரிச்சர்ட் நார்ஃபோக் பட்டத்தைத் தூக்கி ஜான் ஹவார்ட்ங்கறவருக்குக் குடுத்தார். ஹவார்டோட அம்மா மோப்ரே வீட்டுப் பொண்ணு, அதனால உரிமை இருந்துச்சுதான், ஆனா டைமிங்கப் பாருங்க.

ரெண்டே வருஷம். 1485 பாஸ்வொர்த் சண்டையில ராஜாவும் காலி, ட்யூக்கும் காலி. ஜெயிச்சு வந்த ஏழாம் ஹென்றி பார்லிமெண்ட்ல சட்டம் போட்டு ஹவார்டுகள ராஜத்துரோகின்னு அறிவிச்சார். அந்தச் சட்டம் வந்துட்டா பட்டம், நிலம் எல்லாம் போகும், ரத்தமே கறைபட்டதா கணக்கு, வாரிசுக்கு எதுவும் இறங்காது. மகன் தாமஸ் மூணு வருஷத்துக்கு மேல டவர்ல கிடந்துட்டு வெளிய வந்து, ராஜா சொன்ன எல்லா வேலையும் செஞ்சு, கடைசில 70 வயசுல 1513ல ஃப்ளாடன்ல ஸ்காட்லாந்து படைய அடிச்சு நொறுக்கினார். ஸ்காட்லாந்து ராஜா நாலாம் ஜேம்ஸ் அந்தக் களத்துலயே செத்தார், அதுக்கு அடுத்த வருஷம் அப்பாவோட பட்டம் திரும்ப வந்தது.

அந்த ஜெயிப்புக்குக் குடுத்த பரிச இன்னிக்கும் ஹவார்ட் குடும்பச் சின்னத்துல பார்க்கலாம். சிவப்புக் கேடயம், குறுக்க சாய்வா வெள்ளைப் பட்டை, பட்டை நடுவுல இன்னொரு குட்டிக் கேடயம், அதுல ஸ்காட்லாந்தோட சிங்கம், இடுப்புக்கு மேல பாதி மட்டும், வாய்க்குள்ள ஒரு அம்பு பாஞ்சிருக்கும். ஒரு நாட்டோட ராஜாவக் கொன்னதுக்கான ரசீது மாதிரி அது. தொண்ணூறு வருஷம் கழிச்சு அதே ஸ்காட்லாந்து வம்சத்துலேருந்து ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கே ராஜாவா வந்து உட்கார்ந்தார், அப்பவும் யாரும் அந்த அம்பைப் பிடுங்கல.

மூணாவது ட்யூக்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆசாமி, பிடிச்சதுன்னா நல்லவர்ங்கற அர்த்தத்துல இல்ல. எட்டாம் ஹென்றி கட்டிக்கிட்டு தலைய வெட்டின ரெண்டு ராணிங்க, ஆன் போலின், கேத்தரின் ஹவார்ட், ரெண்டு பேருமே இவரோட உறவுக்காரப் பொண்ணுங்க, ஒருத்தி தங்கச்சி மக, இன்னொருத்தி தம்பி மக. ஆன் போலின் விசாரணைல தலைமை தாங்கினதே இந்த மாமாதான். இவரோட மகன் சர்ரே நல்ல கவிஞர், எட்வர்ட் தி கன்ஃபெசர்ங்கற பழைய ராஜாவோட சின்னத்தைத் தன் கேடயத்துல சேர்த்துக்கிட்டார்னு அவருக்கு ராஜத்துரோகப் பட்டம் கட்டி 1547 ஜனவரி 19ல வெட்டினாங்க. ஆமா, கேடயத்துல படம் போட்டதுக்கு. அடுத்து அப்பா. அவர் தலைக்கும் நாள் குறிச்சாச்சு, ஜனவரி 28 விடியக்காலைல ராஜா செத்துட்டார். கிழவர் தப்பிச்சார், ஆனா ஆறு வருஷத்துக்கு மேல ஜெயில்தான், 1553ல மேரி ராணி வந்துதான் விட்டாங்க, பட்டத்தையும் திருப்பிக் குடுத்தாங்க. மறு வருஷம் போய்ச் சேர்ந்தார், மூத்த மகன் முன்னாடியே போயிட்டதால பேரன் நாலாவது ட்யூக்.

அந்தப் பேரன் ஸ்காட்லாந்து ராணி மேரியக் கல்யாணம் பண்ணிக்கற திட்டத்துல மாட்டி, எலிசபெத் ராணியக் கவுக்கப் பார்த்த ரிடோல்ஃபி சதியிலயும் பேர் அடிபட்டு 1572ல போனார். ஆனா அவரோட முதல் கல்யாணம் குடும்பத்தைக் காப்பாத்திச்சு. அந்தப் பொண்ணு மேரி ஃபிட்ஸாலன், அருண்டெல் ஏர்ல்ங்கற பிரபுவோட மக, ஒரு பையனப் பெத்துட்டுச் செத்துப்போச்சு. நார்ஃபோக் போயிடுச்சு, அம்மா வழியா அருண்டெல் வந்துடுச்சு. அருண்டெல் கோட்டை சசெக்ஸ்ல இருக்கு, அதான் உங்க சசெக்ஸ் கேள்விக்குப் பதில், தாய்வழிச் சொத்துல குடியிருக்காங்க. நார்ஃபோக்ல நாரிச்ங்கற ஊர்ல இருந்த அரண்மனையவும் எட்டாவது ட்யூக் ஊர் மேயரோட சண்டை போட்டுக்கிட்டு 1711ல இடிச்சுத் தள்ளிட்டுக் கிளம்பிட்டார்.

மேரி ஃபிட்ஸாலனோட பையன் ஃபிலிப்பும் நிம்மதியா இருக்கல. கத்தோலிக்கரா மாறினார், பத்து வருஷம் டவர்ல அடைச்சு வெச்சாங்க, 1595ல அங்கயே செத்தார். 1970ல போப் அவரைப் புனிதர்னு அறிவிச்சார். இவரோட கொள்ளுப்பேரப்புள்ளைங்க காலத்துலதான் அந்த 88 வருஷ இடைவெளி மூடினது, அதுலதான் பெரிய கூத்து. 1660ல ரெண்டாம் சார்லஸ் பட்டத்தைத் திருப்பிக் குடுத்தப்போ குடும்பத்துல மூத்தவர் தாமஸ் இத்தாலில பாதுவாங்கற ஊர்ல இருந்தார், சின்ன வயசுல காய்ச்சல் வந்து புத்தி பேதலிச்சுப்போன மனுஷன். அவருக்குத்தான் பட்டம். அஞ்சாவது ட்யூக்னு லண்டன்ல ஏட்டுல ஏறிச்சு, அவர் பாட்டுக்கு பாதுவாலயே இருந்து 1677ல செத்தார். தம்பி ஹென்றி இங்க எல்லாத்தையும் பார்த்துக்கிட்டார், நீங்க கேட்ட ஏர்ல் மார்ஷல் வேலையப் பரம்பரை ஆக்கி 1672ல எழுதி வாங்கினதும் அந்தத் தம்பிதான்.

அதுக்கப்புறம் எந்த ட்யூக் தலையும் போகல, ஆனா நேரா இறங்கினதுன்னும் சொல்ல முடியாது. 1777லயும் 1815லயும் வாரிசு இல்லாம ரெண்டுவிட்ட, மூணுவிட்ட பங்காளிகளுக்குப் போச்சு. பெரும்பாலும் கத்தோலிக்கராவே இருந்ததால, பிரபுக்கள் சபைல முதல் வரிசை ட்யூக்கா இருந்தும் 1829 வரைக்கும் உள்ள போய் உட்கார முடியல. உட்காரணும்னே 11வது ட்யூக் மதம் மாறினார், அவர் குளிக்கவே மாட்டார், குடிச்சுட்டு மயங்கிக் கிடக்கும்போதுதான் வேலைக்காரங்க குளிப்பாட்டுவாங்கன்னு ஒரு கதை இருக்கு.

இப்ப அந்த நாலு பொண்ணுங்க. 16வது ட்யூக் பெர்னார்ட் 1937, 1953 ரெண்டு முடிசூட்டு விழாவையும் சர்ச்சில் இறுதிச் சடங்கையும் நடத்தினவர், 1962-63ல இங்கிலாந்து கிரிக்கெட் டீம் ஆஸ்திரேலியா போனப்ப அதுக்கு மேனேஜராவும் போனார் (ட்யூக்கே மேனேஜர், நினைச்சுப் பாருங்க). 1975ல இறந்தார். ட்யூக் பட்டம் ஆம்பள வழிலதான் போகும்ங்கறதால 13வது ட்யூக்கோட ரெண்டாவது மகன் வம்சத்துல வந்த மைல்ஸ், ராணுவத்துல மேஜர் ஜெனரலா இருந்தவர், 17வது ஆனார். இப்ப இருக்கறவர் அவர் மகன். மைல்ஸுக்கு போமான்ட்னு இன்னொரு பாரன் பட்டமும் இருந்துச்சு, அது அம்மாகிட்டேருந்து வந்தது, அந்த வகைப் பட்டம் பொண்ணுங்க வழியாவும் இறங்கும்.

பெர்னார்டோட பொண்ணுங்களுக்கும் ஒன்னுமே இல்லாம போகல. அவர்கிட்ட ஹெரிஸ்னு ஒரு ஸ்காட்லாந்து பட்டம் இருந்துச்சு, 1490ல குடுத்தது, பையன் இல்லேன்னா மூத்த பொண்ணுக்குப் போகும். அதனால ஒரே அப்பா சாவுல ட்யூக் பட்டம் தூரத்துப் பங்காளிக்கு, ஹெரிஸ் பட்டம் மூத்த பொண்ணு ஆனுக்கு. 2014ல அவங்க போனதும் அடுத்த தங்கச்சிக்கு, அப்புறம் கடைசித் தங்கச்சிக்கு. அந்த ஆன் கட்டிக்கிட்டது யாரைன்னு நினைக்கறீங்க, காலின் கௌட்ரிய, நம்ம ஊட்டில பிறந்த இங்கிலாந்து கிரிக்கெட்டர், அவங்கப்பா மேனேஜரா போன டூர்லயும் ஆடினவர். 1997ல அவரையும் லார்ட் ஆக்கினாங்க, ஆனா அது ஆயுசுக்கு மட்டும், 2000 டிசம்பர்ல அவரோடயே முடிஞ்சுபோச்சு. அவரோட முதல் கல்யாணத்து மகன் கிறிஸ் கௌட்ரியும் அப்பா மாதிரியே இங்கிலாந்துக்குக் கேப்டனா இருந்தார், ஆனா ஒரே ஒரு டெஸ்ட்ல, லார்ட் மட்டும் கிடையாது.