புது ஊரில் எந்த ஏரியாவில் வீடு, ராத்திரியில் எங்கே போவது? கேள்வி பதில்

வேலைக்கோ படிப்புக்கோ வேறு நகரத்துக்குப் போகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. ராத்திரி வெளியே போக விரும்புகிறவர்களுக்கு எந்த ஏரியா ஒத்துவரும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எல்லாப் பதிலிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: போகும் இடத்தை வைத்து ஏரியாவை முடிவு செய்யாதீர்கள், திரும்பி வரும் வழியை வைத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது, முதல் வேலை. போகிற நகரத்தில் பப், கிளப் எல்லாம் ஒரே ஏரியாவில் இருக்கின்றன என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கேயே வீடு எடுத்துவிடலாமா?

நட்டநடுவில் வேண்டாம் தம்பி. அங்கிருந்து 10, 15 நிமிடம் நடக்கிற தூரத்தில் பாருங்கள். நீங்கள் வெளியே போவது வாரத்தில் ஒன்றிரண்டு ராத்திரிதான், தூங்க வேண்டியது ஏழு ராத்திரியும்.

பாட்டுச் சத்தம்தான் தொந்தரவு என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டு நின்ற பிறகுதான் உண்மையான சத்தம் ஆரம்பிக்கும். கடை மூடியதும் மொத்தக் கூட்டமும் தெருவுக்கு வரும். கேப்புக்காகக் காத்திருப்பவர்கள், சிகரெட்டோடு நின்று பேசுகிறவர்கள், ஹாரன். அதெல்லாம் அடங்கி அரை மணி கழித்து, ஊழியர்கள் காலி பாட்டில்களை மொத்தமாகத் தொட்டியில் கொட்டுவார்கள். விடியும் முன் அதை அள்ள லாரி வரும். பகலில் வீடு பார்க்கப் போனால் இதில் எதுவுமே தெரியாது.

இரண்டு தெரு தள்ளினாலே பெரும்பாலும் நிலைமை மாறிவிடும். ஆனால் அந்த இரண்டாவது தெரு, கிளப்பிலிருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டம் நடந்து போகும் வழியாக இருக்கக் கூடாது. அதை வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: நேரில் போய்ப் பார்க்க நேரமில்லை. ஆன்லைனிலேயே ஏரியாவைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

ஓரளவு முடியும். வரைபடத்தில் நீங்கள் பார்க்கிற வீட்டைச் சுற்றி இருக்கும் மருந்துக்கடை, மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை இவை எத்தனை மணிக்கு மூடுகின்றன என்று பாருங்கள். ராத்திரி 10 மணிக்குச் சாதாரணக் கடைகள் திறந்திருந்தால் அங்கே குடியிருப்பவர்களும் அந்த நேரத்தில் நடமாடுகிறார்கள் என்று அர்த்தம். பார் மட்டும் திறந்திருந்து மற்றதெல்லாம் 7 மணிக்கே மூடினால், அது வெளியாட்கள் வந்து போகும் ஏரியா. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஆன்லைன் வரைபடத்தில் வரும் தெருப்படங்களை எடுத்த தேதியைக் கவனியுங்கள். பழைய படத்தில் காலி மனையாக இருந்த இடத்தில் இன்று கட்டட வேலை நடந்துகொண்டிருக்கலாம். மதிப்புரைகளில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, "பார்க்கிங்", "சத்தம்", "கூட்டம்" என்று தேடிப் படியுங்கள். பக்கத்து ஹோட்டல்களுக்கு வந்த புகார்கள்தான் என் அனுபவத்தில் ரொம்ப உதவும். ஜன்னல் ஓரத்தில் தூங்க முடியாமல் தவித்தவர் எழுதியதைவிட நம்பகமான தகவல் கிடைப்பது கஷ்டம்.

ஆனாலும், பார்க்காத ஊரில் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் மாதம் தற்காலிகமாக எங்காவது தங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் பிடிக்காத ஏரியாவில் மாட்டிக்கொண்டு, இருக்கவும் முடியாமல் காலி செய்யவும் முடியாமல் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். அந்த மாதத்தில் பிடித்த ஏரியாவை மூன்று நேரங்களில் போய்ப் பாருங்கள்: வேலை நாள் காலை நெரிசலில், வேலை நாள் ராத்திரி 9 மணிக்கு, சனிக்கிழமை கடைகள் மூடிய பிறகு.

கேள்வி: பெண், தனியாக இருக்கப் போகிறேன். ராத்திரி 11, 12 மணிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். பாதுகாப்பான ஏரியா என்பதை எப்படி முடிவு செய்வது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். ஏரியாவின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள் தங்கச்சி. "நல்ல ஏரியா" என்று ஊரே சொல்கிற, பெரிய காம்பவுண்டு சுவர்களும் வாசலில் காருமாக இருக்கிற தெருக்கள்தான் ராத்திரியில் ரொம்ப வெறிச்சோடிப் போகும். சுவர் நீளமாக இருந்தால் கூப்பிட்டாலும் கேட்க ஆளிருக்காது. கொஞ்சம் நெரிசலாக, கீழே கடையும் மேலே வீடுமாக, பால்கனியில் யாராவது நின்றுகொண்டிருக்கிற தெருவில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஸ்டேஷனிலிருந்தோ பஸ் நிறுத்தத்திலிருந்தோ உங்கள் கதவு வரை உள்ள கடைசி 400, 500 மீட்டர்தான் முக்கியம். ஒப்பந்தம் போடும் முன்பு ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு ராத்திரி 11 மணிக்கு அந்தத் தூரத்தை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். மரக்கிளை மறைத்து வெளிச்சம் தரைக்கு வராத இடம் எது, சுரங்கப்பாதையோ காலி மனையோ குறுக்கே வருகிறதா, அவசரத்துக்கு நுழைய வழியில் திறந்த கடை எது என்று பாருங்கள். வழியில் மற்ற பெண்களும் தனியாக நடக்கிறார்களா? இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் கட்டடம். வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறதா, சாவியைத் தேடிக்கொண்டு நிற்கும் இடத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேப்பில் வந்தால் ஏறும் முன் வண்டி எண்ணை ஒத்துப் பாருங்கள், பயண விவரத்தை ஒருவருக்குப் பகிருங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புது ஊரில் அந்த "ஒருவர்" யார் என்பதை முதல் வாரமே முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வெளியே போகப் பிடிக்கும். கணவர் 10 மணிக்குத் தூங்கிவிடுவார். இருவருக்கும் ஒத்துவருகிற வீடு கிடைக்குமா?

கிடைக்கும். ஏரியாவை நீங்கள் தேர்ந்தெடுங்கள், படுக்கையறை எந்தப் பக்கம் என்பதை அவர் தேர்ந்தெடுக்கட்டும். ஒரே கட்டடத்தில் தெருவைப் பார்த்த அறையும் பின்பக்க அறையும் இரண்டு வேறு ஊர் மாதிரி இருக்கும். சத்தம் 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் குறைந்த மாதிரி தோன்றும், பல கட்டடங்களில் அந்த அளவு வித்தியாசம் இருக்கும். வாகனச் சத்தம் ராத்திரியில் வீட்டுக்கு வெளியே சராசரியாக 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-ல் பரிந்துரைத்தது. போன் செயலியில் அளந்தால் துல்லியம் இருக்காது, ஆனால் இரண்டு வீடுகளை ஒப்பிட அது போதும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பேச்சுச் சத்தத்தையும் ஹாரனையும் நன்றாகக் குறைக்கும். கிளப்பின் பேஸ் (bass) ஒலியை, அதாவது அதிர்கிற தாழ்ந்த ஒலியை, அந்த அளவுக்குத் தடுக்காது, அது சுவர் வழியாகவும் தரை வழியாகவும் வரும். கீழ்த்தளத்திலோ பக்கத்துச் சுவரிலோ கிளப் இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். மேல் மாடிக்குப் போனால் சத்தம் வராது என்பதையும் நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வண்டி இல்லை. ரயில், பஸ்ஸை நம்பி ராத்திரி வாழ்க்கை நடக்குமா?

அது நகரத்துக்கு நகரம் மாறும். அதனால் வீடு தேடும் முன் கடைசி ரயில் நேரத்தைத் தேடுங்கள். நியூயார்க் சப்வே எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது. லண்டனில் 2016 முதல் சில தடங்களில் மட்டும், வெள்ளி, சனி ராத்திரிகளில் ரயில் உண்டு. பெர்லினில் வார இறுதி ராத்திரிகளில் மெட்ரோ ஓடும், வேலை நாட்களில் ராத்திரிப் பஸ். டோக்கியோவில் நள்ளிரவு தாண்டியதும் ரயில்கள் நின்றுவிடும், காலை 5 மணி வாக்கில்தான் திரும்ப ஆரம்பிக்கும். அதனால் அங்கே கடைசி ரயிலைப் பிடித்துக் கிளம்ப வேண்டும், இல்லை முதல் ரயில் வரை இருக்க வேண்டும். இடையில் கிளம்பினால் டாக்ஸிதான்.

ராத்திரிப் பஸ் இருக்கிறது என்றதும் திருப்தியடையாதீர்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று பாருங்கள். மணிக்கு ஒரு பஸ் என்றால் ஒன்றைத் தவறவிட்டாலும் நடுராத்திரியில் ஒரு மணி நேரம் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். மாறி ஏறாமல் நேராக வீட்டுப் பக்கம் வருகிற தடத்தின் மேல் வீடு கிடைத்தால், வேறு ஒன்றிரண்டு குறைகள் இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊருக்கு வெளியே வாடகை ரொம்பக் குறைவு. அங்கே எடுத்து மிச்சம் பிடிக்கலாமா?

வாடகையோடு மாதப் பயணச் செலவையும், ராத்திரி கேப் செலவையும் கூட்டிப் பாருங்கள். வாரம் இரண்டு முறை நள்ளிரவில் கேப் என்றால் மிச்சம் பிடித்தது பெரும்பாலும் அதிலேயே போய்விடும். பணத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தூரம் அதிகமானால் நீங்கள் போவதே குறைந்துவிடும். "இன்னைக்கு ராத்திரி வர்றியா?" என்று யாராவது கூப்பிடும்போது முக்கால் மணி நேரப் பயணம் என்றால் மூன்றாவது முறையே மறுத்துவிடுவீர்கள், ஐந்தாவது முறை கூப்பிடவே மாட்டார்கள். சின்ன அறையாக இருந்தாலும் பக்கத்தில் எடுங்கள் என்றுதான் இளைஞர்களுக்குச் சொல்வேன்.

கேள்வி: நான் குடிப்பதில்லை. நைட் லைஃப் என்றாலே பார்தானா?

இல்லவே இல்லை. லைவ் மியூசிக், ஓபன் மைக், ஸ்டாண்ட்அப், வினாடி வினா ராத்திரி, போர்டு கேம் கஃபே, சால்சா வகுப்பு முடிந்ததும் நடக்கிற பொது நடனம், திரைப்படச் சங்கக் காட்சிகள், மாலையில் ஓடும் ரன்னிங் குழுக்கள் என்று நிறைய உண்டு. பல அருங்காட்சியகங்கள் வாரத்தில் ஒரு நாள் ராத்திரி வரை திறந்திருக்கும். இவற்றில் பல வார நடுவில் நடக்கும், கூட்டமும் குறைவு, பேசவும் முடியும். பாருக்கே போனாலும் குளிர்பானம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரலாம், ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வற்புறுத்துகிற கூட்டத்தோடு இரண்டாம் முறை போகாதீர்கள்.

கேள்வி: வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒவ்வொரு வாரமும் புது இடத்துக்குத் தனியாகப் போகிறேன். இன்னும் ஒரு நண்பர்கூட இல்லை. எங்கே தப்பு?

உங்களிடம் தப்பில்லை. மனசைத் தளரவிடாதீர்கள். ஒவ்வொரு வாரமும் புது இடம் என்பதை மட்டும் மாற்றுங்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சமீபத்தில் வேறு ஊருக்கு மாறியவர்களிடமும் கேட்டார். தெரிந்தவர் சாதாரண நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் என்பது அவருடைய கணக்கு. வாரம் ஒரு புது இடம் என்றால் யாரோடும் அந்த மணிக்கணக்கு சேராது.

பிடித்த ஒரு இடத்தைப் பிடியுங்கள். அதே கிழமை, அதே நேரம், தொடர்ந்து போங்கள். கூட்டம் சேரும் முன், முதல் அரை மணிக்குள் போய்விடுங்கள், அப்போது ஊழியர்களுக்கும் பேச நேரமிருக்கும், நிகழ்ச்சி நடத்துகிறவர்களும் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். "நான் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று கேளுங்கள். நாலு வாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நல்ல நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்று விளம்பரங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேடை ஏறுகிற சின்னச் சின்னக் குழுக்களின் பக்கங்களைப் பின்தொடருங்கள், அடுத்து எங்கே வாசிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் அந்த நகரத்தின் நல்ல இடங்கள் எல்லாம் தெரிந்துவிடும்.

கேள்வி: 46 வயது, விவாகரத்து ஆகிப் புது நகரத்துக்கு வந்திருக்கிறேன். இதெல்லாம் இளைஞர்களுக்குத்தானே?

இல்லைங்க. கல்லூரிகளைச் சுற்றியுள்ள ஏரியாவைத் தவிர்த்துவிட்டு, நாடக அரங்கு, கச்சேரி அரங்கு, பழைய சினிமா தியேட்டர் இருக்கிற பகுதியைப் பாருங்கள். அங்கே எல்லா வயதினரும் வருவார்கள், நிகழ்ச்சியும் பெரும்பாலும் 10, 11 மணிக்குள் முடியும், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு இடமும் இருக்கும். முதல் சில வாரம் தனியாக உட்காரக் கூச்சமாக இருக்கும். பார் கவுன்டரிலோ பொது மேசையிலோ உட்காருங்கள், இரண்டு பேர் மேசை வேண்டாம். வயதைக் காரணமாக்கி வீட்டுக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள், உங்களுக்கு இப்போது மனிதர்கள் தேவை.

கேள்வி: வீடு எடுத்த பிறகுதான் பக்கத்தில் மியூசிக் அரங்கு இருப்பது தெரிந்தது. புகார் கொடுத்து நிறுத்த முடியுமா?

அரங்கு உங்களுக்கு முன்பே இருந்ததா என்பது பல இடங்களில் முக்கியம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-லும், இங்கிலாந்து 2018-லும் தங்கள் திட்ட விதிகளில் ஒரு கொள்கையைச் சேர்த்தன. பழைய அரங்குக்குப் பக்கத்தில் புதிதாகக் குடியிருப்பு கட்டினால் சத்தத் தடுப்புக்குப் பொறுப்பு புதிதாகக் கட்டுகிறவருடையது. அப்படிப்பட்ட ஊரில், அரங்கை மூடச் சொல்வதைவிட வீட்டுக்காரரிடம் ஜன்னலை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதே பலன் தரும்.

முதலில் அரங்கு மேலாளரிடம் நேரில் பேசுங்கள். எந்த நாள், எத்தனை மணி, உங்கள் வீட்டில் எந்த அறை என்று குறித்துக்கொண்டு போங்கள். ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பது, பின்கதவை மூடி வைப்பது, பாட்டில்களைக் காலையில் கொட்டுவது என்று அவர்கள் செய்யக்கூடியவை நிறைய. உரிமம் முக்கியம் என்பதால் பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கேள்வி: நைட் ஷிப்ட். பகலில்தான் தூங்குவேன். நான் எதைப் பார்க்க வேண்டும்?

மற்றவர்களுக்குச் சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம், பட்டறை, கட்டட வேலை நடக்கும் மனை இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். பகலில் அமைதியாகவும் ராத்திரியில் கலகலப்பாகவும் இருக்கிற தெரு உங்களுக்குப் பொருந்தும். மேற்குப் பார்த்த படுக்கையறை வேண்டாம், மதிய வெயிலில் தூங்க முடியாது.

கேள்வி: படங்கள் அழகாக இருக்கின்றன, உடனே அட்வான்ஸ் அனுப்பினால்தான் கிடைக்கும் என்கிறார் தரகர்.

அனுப்பாதீர்கள். நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ உள்ளே போய்ப் பார்க்கும் வரை ஒரு பைசாகூட வேண்டாம். அந்தப் படங்களை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள், மோசடியாக இருந்தால் அதே படங்கள் வேறு ஊர் வீட்டின் பெயரில் வருவது வழக்கம்.

கேள்வி: இப்போது அமைதியாக இருக்கிற தெருவில் நாளைக்கு பார் வந்துவிட்டால்?

பல நகரங்களில் மது உரிமத்துக்கும் கேளிக்கை உரிமத்துக்கும் விண்ணப்பித்தால் பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். நகராட்சியின் இணையதளத்தில் போட்டிருப்பார்கள், இல்லை கட்டடத்தின் கதவில் ஒட்டியிருப்பார்கள். உங்கள் தெருவின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், காலிக் கடைகளின் ஷட்டரில் ஏதாவது தாள் ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள். ஆட்சேபணை சொல்ல அதில் கடைசித் தேதி போட்டிருக்கும்.