தோப்பை விற்காதீங்கண்ணா, அம்மிணி விலங்கியல் படிக்கட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெண்ணுக்கு நீட்டில் இரண்டாவது தடவையும் இங்கே சீட்டு கிடைக்கிற மார்க் வரவில்லை. வெளிநாட்டு எம்பிபிஎஸ்ஸுக்கு மாமன் ஏஜென்ட் வரை பேசி முடித்துவிட்டார், இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை விற்றால் போதுமாம். நானும் பத்து நிமிடம் "கவலைப்படாதீங்கண்ணா" பாடிவிட்டு, அப்புறம் பெண்ணிடமே உனக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்டேன். கிடா வெட்டில் குடலை எடுத்து அண்டாவில் போட்ட பிறகும் நெளிந்துகொண்டே இருந்ததே, அதை ஆட்டுவது யார் என்றாள். அப்பாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எனக்கு அவளைத் தவிர யாரிடமும் பேசவே தோன்றவில்லை.

அண்ணா, அந்தக் கேள்விக்கென்றே குடல் நரம்பியல் என்று ஒரு துறை இருக்கிறது. குடல் சுவருக்குள் 10 கோடிக்கும் மேல் நரம்பு செல்கள், மூளையைக் கேட்காமலே குடலை நகர்த்துகின்றன. 1899-லேயே பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் ஆய்வாளர்கள் நாயின் குடலுக்கு வரும் வெளி நரம்புகளைத் துண்டித்து, அப்புறமும் குடல் நகர்வதைக் காட்டிவிட்டார்கள். மூளையில் செல்களைத் தூண்டும் குளூட்டமேட்டுக்கு (ஆமாம், அஜினமோட்டோவில் இருப்பதேதான்) குடல் நரம்புகளிலும் ஏற்பிகள், அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள், உண்டு. கினிப் பன்றியின் சிறுகுடல் துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, ஆக்சிஜன் குமிழ் விட்டு, குளூட்டமேட் சேர்த்தால் சுருங்கும். மெக்னீசியம் சேர்த்தால் அடங்கும், என்எம்டிஏ என்கிற குளூட்டமேட் ஏற்பியின் துளையை அது அடைத்துவிடுவதால். நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள்தான் குடல் தசையைச் சுருக்கும், அதைத் தசையில் வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்து அட்ரோபின். அதைப் போட்டாலும் அடங்கும், அப்படியென்றால் குளூட்டமேட் தசையை நேராகத் தொடவில்லை, நரம்பை உசுப்பி அசிட்டைல்கோலினைச் சுரக்க வைத்திருக்கிறது. இதைச் சொன்னபோது அம்மிணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், பார்த்தீர்கள்தானே?

கோவை அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி விலங்கியல், செலவு வருஷத்துக்குச் சில ஆயிரம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்றாம் வருஷம் ஜாம் என்கிற எம்எஸ்சி நுழைவுத் தேர்வில் பயோடெக்னாலஜி தாள், அதை வைத்து பெங்களூரு ஐஐஎஸ்சி என்கிற இந்திய அறிவியல் கழகத்தில் எம்எஸ்சி-யோடு சேர்ந்த பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே இடம் குறைவு, கிடைக்காவிட்டால் வேறிடத்தில் எம்எஸ்சி முடித்து நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. பிஎச்டி முடிவதற்குள் வயது முப்பதைத் தொடும், நடுவில் கல்யாணப் பேச்சு வரும், அதை நீங்கள்தான் தாங்க வேண்டும்.

வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே தனித் தேர்வு எழுதித் தேறினால்தான் மருத்துவம் பார்க்க முடியும் என்று ஏஜென்ட் சொன்னாரா? மாமன் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். தோப்புப் பத்திரம் மட்டும் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது.