கடைக்கு வரும் போனை யார் எடுப்பது?

இருபது ஆண்டுகளாகக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் தொலைபேசி வசதி அமைத்துக் கொடுப்பது என் தொழில். இப்போது போனை எடுத்துப் பேசும் ஏஐ உதவியாளர்களையும் பொருத்துகிறேன். பொருத்தியதைக் கழற்றிய இடங்களும் உண்டு. வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

கேள்வி: ஈரோட்டில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு மாதம் 14,000 ரூபாய் சம்பளம். ஏஐ வைத்தால் மிச்சமாகுமா?

பதில்: பெரும்பாலும் நிமிடக் கணக்கில்தான் பணம் வாங்குவார்கள். நிமிடத்துக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 40 அழைப்பு, தலா 2 நிமிடம், மாதத்துக்கு 26 நாள் என்றால் 10,400 ரூபாய். மிச்சம் 3,600. அந்தப் பெண் போன் மட்டுமா எடுக்கிறார்? பணம் வாங்குகிறார், எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துத் தருகிறார், ஊசியைப் பார்த்து அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துகிறார். அதற்கு யாரை வைப்பீர்கள்?

நான் பொருத்திக் கொடுத்த ஒரு பல் கிளினிக்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் இரவில் அழைத்து, "வலி குறைந்துவிட்டது, தாடைக்கு அடியில்தான் கொஞ்சம் வீக்கம், வாயைத் திறக்க முடியவில்லை" என்றிருக்கிறார். இயந்திரம் "வலி குறைந்துவிட்டது" என்பதைப் பிடித்துக்கொண்டு வியாழக்கிழமை மாலைக்கு நேரம் கொடுத்துவிட்டது. காலையில் பதிவைக் கேட்ட வரவேற்பாளர், அந்த மனிதரை அழைத்து உடனே புறப்பட்டு வரச் சொன்னார். அந்த வீக்கம் பரவினால் மூச்சுக்கே ஆபத்து. அந்த வரவேற்பாளர் பல் மருத்துவம் படிக்காதவர்தான். ஆறு ஆண்டுகள் அந்த மேசையில் உட்கார்ந்தவர்.

கேள்வி: அப்படியானால் ஏஐ வேண்டவே வேண்டாமா?

பதில்: யாரும் எடுக்காத அழைப்புகளை அதனிடம் கொடுங்கள். கடை பூட்டிய பிறகு வருபவை, நீங்கள் வேறு அழைப்பில் இருக்கும்போது வருபவை. போனில் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங் அமைப்புக்குப் போனால், "பிஸியாக இருந்தால்", "எடுக்காவிட்டால்" என்று தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். இடையில் ஓர் எச்சரிக்கை: முன்பின் தெரியாதவர் அழைத்து, நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்கள் அழைப்புகளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் மோசடி அது.

கேள்வி: நம் ஊர்த் தமிழ் அதற்குப் புரியுமா?

பதில்: விற்க வருபவர் காட்டும் மாதிரியில் நன்றாகவே புரியும்! நிஜ அழைப்பில் கதை வேறு. பழைய தொலைபேசித் தடத்தில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (ஒலி அதிர்வின் அளவு) வரையிலான ஒலிதான் போகும். "ஸ", "ஃப" போன்ற ஒலிகளின் கூர்மை அதற்கு மேலேதான் இருக்கிறது. பக்கத்தில் தறியோ மிக்ஸியோ ஓடினால் இன்னும் மோசம். "வரும் வெள்ளி" என்றால் இந்த வாரமா அடுத்த வாரமா என்று மனிதர்களே குழம்புகிறோம்.

இன்னொன்று தாமதம். இயந்திரம் பேச்சை எழுத்தாக்கி, பதில் யோசித்து, அதை மறுபடி குரலாக்க வேண்டும். நாம் ஒருவர் முடித்த கால் நொடிக்குள் பதில் பேசிப் பழகியவர்கள். இரண்டு நொடி மௌனமானால் வாடிக்கையாளர் "ஹலோ, ஹலோ" என்பார். இயந்திரம் அதையும் ஒரு கேள்வி என்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். வாங்கும் முன் உங்கள் அம்மாவை விட்டு அழைத்துப் பேசச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: அது தவறான விலையைச் சொல்லிவிட்டால்?

பதில்: நீங்கள்தான் பொறுப்பு என்று வைத்துக்கொண்டு நடங்கள். ஏர் கனடா விமான நிறுவனத்தின் அரட்டை இயந்திரம், உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்தவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. அந்த இயந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பணம் கொடுக்கச் சொல்லிவிட்டது. அது கனடாவின் தீர்ப்புதான். ஆனாலும் நான் பொருத்தும் இடங்களில் இயந்திரத்தை விலை சொல்ல விடுவதில்லை.

கேள்வி: பேசுவது இயந்திரம் என்று சொல்ல வேண்டுமா?

பதில்: முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். 2018இல் கூகுள், போனில் மனிதரைப் போலப் பேசும் டூப்ளெக்ஸ் என்ற தன் ஏஐயை "ம்ம்" கொட்டிப் பேசவைத்துக் காட்டியபோது, ஏமாற்று வேலை என்று எதிர்ப்பு கிளம்பியது. அறிவித்துவிட்டே பேசும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கேள்வி: அண்ணா, நான் ஸ்கேன் மையத்தில் வரவேற்பாளர். முதலாளி ஏஐ வாங்கப்போகிறார். என் வேலை போய்விடுமா?

பதில்: நேரமும் முகவரியும் சொல்வது மட்டும்தான் உன் வேலை என்றால் ஆபத்துதான் தங்கச்சி, பொய் சொல்ல மாட்டேன். இரவுப் பதிவுகளைக் கேட்கும் பொறுப்பை நீயே முந்திக்கொண்டு கேட்டு வாங்கு. காலையில் அதுதான் முதல் வேலை. வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்று கேட்டவர்களுக்கு அது என்ன சொன்னது என்று பார். வயிற்று ஸ்கேனுக்குச் சொல்ல வேண்டிய "வெறும் வயிற்றில் வாருங்கள்" என்பதைக் கர்ப்ப கால ஸ்கேனுக்கு வரும் கர்ப்பிணி யாருக்காவது சொல்லியிருந்தால், உடனே அழைத்து அவரைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்.