கொழுப்பு ஏன் குறைகிறது?

கேள்வி: கலப்பினப் பசு, ஈன்று 2 மாதம், தினமும் 12 லிட்டர் கறக்கிறது. கோ-4 புல்லை 70 நாள் வளர்த்து அறுக்கிறேன். கறவை கூடட்டுமென்று அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு, தவிட்டுக் கலவை) 8 கிலோவாக்கினேன். கறவை கூடவில்லை, சொசைட்டியில் பாலின் கொழுப்பு 4.1-லிருந்து 3.2-க்கு இறங்கிவிட்டது. சாணமும் இளகிவிட்டது. ஏன்?
- வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: கோளாறு புல்லில் தொடங்குகிறது. அறுத்தபின் துளிர்க்கும் புல்லை 70 நாள் விட்டால் தண்டு முற்றிவிடும். தொட்டியில் மிச்சத்தைக் கிளறிப் பாருங்கள். விரல் பருமன் தண்டுகள் அப்படியே கிடக்கும். மாடு இலையைப் பொறுக்கிவிட்டு அடர்தீவனத்தால் வயிற்றை நிரப்புகிறது. நார் குறைந்தால் அசைபோடுவது குறையும், உமிழ்நீரும் குறையும். அடர்தீவனத்தின் மாவுச்சத்தோ முதல் வயிற்றில் (மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் முதலாவது) வேகமாகப் புளித்து அமிலமாகிறது. உமிழ்நீர்தான் அதைச் சமன்படுத்த வேண்டும். நார் செரித்து உண்டாகும் அசிட்டிக் அமிலமே பால் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள். அது குறைந்ததால்தான் இந்த இறக்கம்.

நட்டபின் முதல் அறுப்பு மட்டும் 75-80 நாளில், அடுத்தவை 45 நாளுக்கு ஒருமுறை. 1-2 அங்குலமாக நறுக்கி தினம் 25-30 கிலோ கொடுங்கள். மாவாக அரைத்தால் அசைபோட வேலையிருக்காது. வைக்கோல் 3-4 கிலோ போதும். அடர்தீவனம் உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. உங்கள் மாட்டுக்கு சுமார் ஆறேகால் கிலோவே அளவு. அதை 3 வேளையாகப் பிரியுங்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் 100 கிராம் சமையல் சோடா அதில் கலக்கலாம். தீனி எடுக்காமல் நின்றால் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.